இரண்டு நிமிடம் நாற்பது நொடி

சாவோ பாலோவில் டிசம்பர் மழைக்கு
நேரங்காலம் கிடையாது.
விடிகாலை நான்கு மணிக்குக் கண்காட்சி வாசல் வரிசையில்
எங்களுக்கு முன்னால் ஆயிரத்து அறுநூறு பேர்,
இரண்டு டிராகன்கள்,
பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஒரு விண்கலம்.

ஜந்திரா பேக்கரியில் இரவு வேலையை முடித்து
நேராக வந்திருந்தாள்.
புருவத்தில் மாவு.
கையில் கேப்டன் வெஸ்மராவின் கொம்புகள்,
ரொட்டிப் பெட்டி அட்டையில் அவளே வெட்டியவை.
இடது கொம்பின் உட்புறம்
‘ஈரம் படாமல் வைக்கவும்’ என்ற எழுத்து
இன்னும் அழியவில்லை.
மழை விடும்வரை
என் சட்டைக்குள்தான் இருந்தன இரண்டும்.

இரண்டாம் பாகத்தின் முடிவில்
சுழலுக்குள் குதித்த வெஸ்மரா
பிழைத்தாளா இல்லையா
என்பதுதான் மூன்று வருடமாக எங்கள் பேச்சு.
பணிமனையில் பஸ்ஸுக்கு டயர் மாட்டும்போதுகூட
செய்தி வரும்:
“நீச்சல் தெரிந்தவள்தானே, எவாண்ட்ரோ?”
தெரிந்தவள்தான், தெரிந்தவள்தான் என்று
கிரீஸ் விரலால் பதில் அடிப்பேன்.

பிற்பகல் மூன்றுக்கு உள்ளே விட்டார்கள்.
போன்களை வாங்கிப் பைக்குள் போட்டு
முத்திரை வைத்தாள் ஒரு பெண்,
பிணவறையில் மோதிரம் கழற்றுகிறவளின் முகத்தோடு.
இயக்குநர் வந்தார். தயாரிப்பாளர் வந்தார்.
கோட்டு போட்ட இன்னும் நான்கு பேர் வந்தார்கள்,
வக்கீல்களாக இருக்கலாம்.
எல்லோரும் எங்களை நேசிப்பதாகச் சொன்னார்கள்.
நேசம் நாற்பது நிமிடம் நீண்டது.
“ஆரம்பித்ததும் எழுப்பு” என்றாள் ஜந்திரா.

விளக்கு அணைந்தது.
மூவாயிரம் தொண்டைகள் ஒரே தொண்டையாய் வெடித்தன.
அவள் அசையவில்லை.
அடுப்பு இரைச்சலில் பழகிய காது.
தலை என் தோளில்,
அட்டைக் கொம்பு என் கழுத்தில்,
மூச்சில் ஈஸ்ட் வாசனை.

எழுப்பியிருக்க வேண்டும்.
முழங்கையில் ஒரு விரல் போதும்.
அந்த விரலைத் தூக்க
எனக்கு இரண்டு நிமிடம் நாற்பது நொடி இருந்தது.

பத்து மணி நேரம் மாவு பிசைந்தவளை
எழுப்பக் கூடாது என்பது ஒரு காரணம்.
இன்னொன்றும் இருக்கிறது.
அதைக் கழுத்து வலிக்கு மருந்து தடவிய
தங்கையிடம்கூடச் சொல்லவில்லை.

“எழுப்பினேன். நீ எழவில்லை.”
முதல் பொய் அது. சின்னது.

மெட்ரோவில் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:
“இருக்கிறாளா?”
திரையில் நான் பார்த்தது
மணலில் ஒரு தலைக்கவசம்.
காலி. அதற்குள்ளிருந்து
ஒரு நண்டு வெளியே வந்தது. அவ்வளவுதான்.

“இருக்கிறாள்” என்றேன்.

எதிரே நின்ற வால் வைத்த பையன்
வாயைத் திறந்தான்.
அவள் முகத்தைப் பார்த்தான்.
வாலைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னான்:
“ஆமாம். தாடையில் ஒரு தழும்பு. இங்கே.”
“முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள்” என்றார்
பல் டாக்டர் போலிருந்த ஒருவர்,
செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமலே.
கைக்குழந்தைக்கு இறக்கை கட்டியிருந்த தாய்
கப்பலே கொடுத்துவிட்டாள், எட்டுப் பாய்மரத்தோடு.
சாவூட்ஜி நிலையம் வருவதற்குள்
வெஸ்மராவுக்கு ஒரு தங்கை,
தீர்க்க ஒரு பகை,
நல்லதாக ஒரு வாள்.

ஜந்திரா கண்ணை மூடிக் கேட்டாள்.
இந்த முறை தூங்கவில்லை.

படம் ஜூன் பதினெட்டில் வெளியாகிறது.
டிக்கெட் இரண்டு எடுத்துவிட்டாள், நடு வரிசையில்,
தன் காசில்.
யாராவது படத்தைப் பற்றிப் பேசினால்
காதைப் பொத்திக்கொள்கிறாளாம்,
மீதிக் கதை கெட்டுவிடக் கூடாதென்று.
நேற்று செய்தி வந்தது:
“அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று காட்டுவார்களா?”

ஜாக்கியில் தூக்கிய பஸ்ஸுக்கு அடியில்
கிரீஸ் விரலோடு
ரொம்ப நேரம் நின்றேன்.