லாம்

மசோதா நாற்பத்தேழு, பக்கம் மூன்று, வரி பதினொன்று.
விலையைக் குறைக்க வேண்டும் என்றிருந்தது.
திங்கள் இரவு ஒன்பதரைக்கு வந்து
குறைக்கலாம் என்று மாற்றச் சொன்னார்கள்.

மாற்றினேன்.
அதுதான் என் வேலை.
அகஸ்டாவில், சட்டமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில்,
வெந்நீர்க் குழாய் இருமிக்கொண்டே இருக்கும் அறையில்,
பத்தொன்பது வருடமாக
பிறருடைய மனமாற்றங்களுக்கு
நிறுத்தற்குறி போடுகிறேன்.

வேண்டும் என்ற சொல்லுக்கு முதுகெலும்பு உண்டு.
லாம் தனியாக நிற்காது.
ஏதாவது ஒரு வினையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.
தரலாம். வரலாம்.
கைமாற்று கேட்டவரிடம் சொல்வோமே, பார்க்கலாம் என்று,
அந்தப் பார்க்கலாம்.

செனட்டர் லூசியன் பெல்ட்டியே கெட்டவர் இல்லை.
இதையும் எழுதிவிட வேண்டும்.
போன பனிப்புயலில் பள்ளத்தில் இறங்கிய என் காரை
தன் டிரக்கில் கட்டி இழுத்தவர், காசு வாங்காமல்.
கோடையில் ஒரு கூட்டத்தில்
இன்சுலின் குப்பியை உயர்த்திப் பிடித்து
இது பகல்கொள்ளை என்றார்.
குரல் உடைந்தது. நடிப்பில்லை, பக்கத்தில் இருந்தேன்.

அக்டோபரில் அவருக்காக ஒரு காலை விருந்து,
ஆற்றோர ஓட்டலில், தட்டு ஒன்று ஆயிரம் டாலர்.
மிஞ்சிய குரோசான்களை அட்டைப்பெட்டியில் போட்டு
எங்கள் அறைக்கு அனுப்பினார்கள்.
நான் இரண்டு சாப்பிட்டேன்.
நன்றாக இருந்தன.
அன்று மாலைவரை விசைப்பலகையில் வெண்ணெய்.

பணத்தை யாரும் ஒளிக்கவில்லை.
முகப்பு மேசையில் கேட்டால் பட்டியல் தருவார்கள்.
மருந்து கம்பெனி என்று ஓரிடத்திலும் இராது.
நாளைய நலனுக்கான குடிமக்கள் என்றிருக்கும்,
வடபகுதி நோயாளிகள் கூட்டணி என்றிருக்கும்,
இரண்டுக்கும் ஒரே தபால்பெட்டி.

விசாரணை நாளில் ஆர்டித் சீர் வந்திருந்தாள்.
வான் பியூரனிலிருந்து ஐந்து மணிநேரம், பனியில்.
கிடங்கில் உருளைக்கிழங்கு தரம் பிரிப்பவள்.
கொடுத்தது மூன்று நிமிடம்.

"மகன் இருபது யூனிட் போட வேண்டும்.
பதிமூன்று போட்டுவிட்டு இருபது என்று
என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் கனடா.
அதே குப்பி, அதே ஆரஞ்சு மூடி.
மாதம் ஒருமுறை நான் பாலம் கடக்க வேண்டும்,
மறுநாள் ஆறு மணிக்குக் கிடங்கில் நிற்க வேண்டும்.
நடுவில் இருப்பது ஒரு ஆறுதானே,
அதன் அகலத்துக்கா இவ்வளவு விலை?"

சிவப்பு விளக்கு எரிந்தது.
விளக்கிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்தாள்.

அவள் பேச்சையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.
தேடிப் பார்த்தேன்.
ஒரு லாம்கூட இல்லை.

லிஃப்டுக்காக நிற்கையில் பெல்ட்டியே,
நான் ஒன்றும் கேட்காமலே, சொன்னார்:
"என்னை யாரும் வாங்கவில்லை, ஜினெட்.
அவர்கள் வந்து பேசினார்கள், அவ்வளவுதான்.
பதினான்கு முறை வந்தார்கள். பொறுமையாக, படங்களோடு.
அவள் ஒருமுறைதானே வந்தாள்."

லிஃப்ட் வந்தது. நான் படியில் இறங்கினேன்.

மசோதா தோற்கவில்லை.
தோற்றிருந்தால் யாராவது கத்தியிருப்பார்கள்.
எழுவருக்கு இருவர் எதிர்ப்பு, மற்றபடி கைதட்டல்,
அதே குப்பியோடு இன்னொரு புகைப்படம்.
பக்கம் மூன்றை யாரும் புரட்டவில்லை,
அல்லது புரட்டியவர்கள்
ஏற்கெனவே அறிந்தவர்கள்.

மார்ச்சில் ஆர்டித்திடமிருந்து ஒரு அட்டை வந்தது,
முன்பக்கம் உருளைப் பூக்கள்.
செனட்டருக்கு நன்றி.
விலை எப்போது குறையும் என்று தெரிந்தால்
பாலத்துக்கு எடுத்துவைத்த பெட்ரோல் காசை
வேறெதற்காவது வைத்துக்கொள்வேன்.

பதில் வாசகம் மேலிருந்து வந்தது.
ஒரே வரி.

விரைவில் எதிர்பார்க்கலாம்.

பிழை ஏதும் இல்லை.
உறையில் போட்டேன். நாக்கால் நனைத்து ஒட்டினேன்.