அரை அடி

வைப்பதும் அடி, வாங்குவதும் அடி.
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்றேன்.
நந்தகோபன் சிரிக்கவில்லை.
"அப்போ ரெண்டும் ஒண்ணா வந்து சேரணும் அக்கா."

என்னைவிடப் பதினோரு வயது இளையவன்.
ஞாயிறுகளில் வியாசர்பாடி டுடோரியல் ஒன்றில்
பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுச் சொல்லித்தருகிறான்.
சீனத்தில் அதன் பெயர் பெங்.
விலாவை உரசியபடி முழங்கை,
நடுவயிற்றிலிருந்து நேராக ஒரு குத்து.
அவ்வளவுதான்.
கையைப் பார்க்காதே, காலைப் பார் என்பான்.

மற்ற நாள்களில் எனக்கு மொட்டைமாடி.
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு,
விடியற்காலை நாலே முக்கால்.
காசிமேட்டில் விசைப்படகுகள் இருமத் தொடங்கியிருக்கும்.
மணலிக் காற்றில் அழுகிய முட்டை வாசம்.
சின்டெக்ஸ் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே
ஒன்பது தப்படி இடம்.

முன்கால் பாதி போக
பின்கால் இழுபட்டு வந்து
தொம்.
குத்து அந்தத் தொம்மில் இருக்கிறது என்று
எட்டு மாதம் நம்பினேன்.

நேர் கீழே பிலோமினா.
கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதி
இரண்டு மணிக்கு வந்து படுப்பவள்.
ஒவ்வொரு தொம்முக்கும் கீழிருந்து
ஒட்டடைக் கம்பால் ஒரு டொக்.
ஒருநாள் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
ஏறியே வந்துவிட்டாள்.
"இன்னாமே, மாவா இடிக்கிற?
சீலிங்கு பேந்து கொயந்த மேல வியுது."
விரித்த கையில் காரைத் துண்டு,
பிஸ்கட் அளவு.

மறுநாள் நின்ற இடத்திலேயே குத்தினேன்.
கடன் கேட்கப் போனவன் போலத்
தனியே போய்த் தனியே திரும்பியது கை.
அப்புறம் கால் மாற்றிக் கால், நடப்பது போல.
நாலாவது எட்டில், கொடியில் யாரோ மறந்த ஈரச் சட்டை
முகத்தில் அறைந்தது.
அப்புறம் பின்வாங்கும் அடி:
கால் பின்னே போகும்போதே கை முன்னே போக வேண்டும்.
எடைமேடை ஆபீசில் எத்தனை முறை
பின்வாங்கியிருக்கிறேன்.
ஒருமுறைகூடக் கை போனதில்லை.
அன்றைக்கு அதை மட்டும் அறுபது தடவை செய்தேன்.

டிசம்பரில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது.
மாடியில் கணுக்கால் தண்ணீர்.
தண்ணீரில் தொம் வராது,
நனைந்து தடுமாறுவதுதான் மிச்சம்.
பின்காலைத் தூக்காமல்
தரையை வழித்துக்கொண்டே இழுத்துவந்தேன்.

கொருக்குப்பேட்டை கேட்டில் காத்து நின்றவர்களுக்குத் தெரியும்.
கூட்ஸ் வண்டியின் எஞ்சின் நின்ற பிறகும்
கடைசிப் பெட்டி வந்து இடிக்கும்.
அந்த இடி பெட்டி பெட்டியாய் ஏறி
முன்னால் போய்ச் சேரும்.

முன்கால் நின்றுவிட்டது.
பின்கால் வந்துகொண்டிருந்தது.
குதிகால், இடுப்பு, முதுகு,
கடைசியாகத்தான் கை.
தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை என்று
சொல்ல ஆசைதான்.
விழுந்தது. சின்னதாக.

பொங்கலுக்கு முன் படிக்கட்டில் மறித்தாள்.
"இன்னா, ஒரு மாசமா சத்தமே காணோம்?
ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"
நல்லாத்தான் இருக்கேன் என்றேன்.
"எங்க, குத்து பாப்போம்."
பால் பாக்கெட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு
அந்தக் குறுகலான படித்திருப்பிலேயே
அரை அடி வைத்தேன்.

"அவ்ளோதானா?"
அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள்.
"சீலிங்கு பூச மேஸ்திரி ரெண்டாயிரம் கேக்குறாரு.
பாதி நீ குட்து."