நூற்றுப் பதினேழு துளைகள்

ஸ்கோக்லண்ட் அவர்களுக்கு,
தேவாலயக் கட்டடக் குழுவின் கடிதம் கிடைத்தது.
அடித்தள அறையின் மேப்பிள் பலகையில்
நூற்றுப் பதினேழு துளைகள் என்கிறீர்கள்.
மண்டியிட்டு எண்ணியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம்.
நான் எண்ணியதில்லை.
எண்ணியிருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

செல்லோவுக்கு ஒற்றைக் கால்.
கூரான இரும்புக் கால்.
எங்காவது ஊன்றினால்தான்
மடியில் நழுவாமல் நிற்கும்.

கதவோரம் நெருக்கமாகக் கிடப்பவை
நாலு வயதுக்காரர்களுடையவை.
முதல் இரண்டு மாதம் அவர்களுக்குக் கருவியே கிடையாது.
தானிய டப்பாவில் செருகிய மரச்சட்டம்,
வில்லுக்குப் பதில் ஒரு குச்சி.
வணங்கு, உட்கார், பிடி, எழு, வணங்கு.
அட்டை டப்பா தரையைத் துளைக்காது,
அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் புத்தகத்தின் முதல் பாட்டை
நாற்பதாயிரம் முறையாவது கேட்டிருப்பேன்.
அலுக்கவில்லையா என்பார்கள்.
அலுத்தது.
ஒரு குளிர்காலம் முழுக்க அலுத்தது.
அப்புறம் அந்த அலுப்பும் அலுத்தது.

அதற்கு முன் பத்தொன்பது ஆண்டு
ஆர்க்கெஸ்ட்ராவில் ஐந்தாம் வரிசை,
உள்பக்க நாற்காலி.
பக்கம் புரட்டுகிறவள் நான்;
பக்கத்தில் இருப்பவர் வாசிப்பதை நிறுத்துவதில்லை.
ஒரு பிப்ரவரியில் சம்பளப் பட்டியலைச் சுருக்கினார்கள்.
செல்லோக்களைப் பின்னாலிருந்து எண்ணினார்கள்.
அன்றிரவு உங்கள் முன்னவரிடம் சாவி கேட்டேன்.
ஏன் என்று கேட்காமல் கொடுத்தார்.
வெளியே சுப்பீரியர் ஏரி உறைந்து,
விரிசல் விட்டு, முனகிக்கொண்டிருந்தது.
தடித்த தந்தி ஒன்றை மட்டும் விடியும்வரை இழுத்தேன்,
ஏரியோடு சுருதி சேரவில்லை.

எங்கள் முறையில் ஒரு விதி உண்டு:
பிள்ளைக்கு முன் பெற்றவர் கற்க வேண்டும்.
டாரல் கெட்டுனென் அப்படித்தான் வந்தார்.
தாதுக் கப்பல் துறையில் கிரேன் ஓட்டுபவர்.
ஒரு விரல் வைத்தால் இரண்டு தந்தி அமுங்கும்.
மகள் ஆறாம் மாதம் ஐஸ் ஹாக்கிக்குப் போய்விட்டாள்.
அடுத்த வியாழன் அவர் மட்டும் வந்து நின்றார்,
பூட்ஸில் பனியோடு.
"காசு கட்டியாச்சே" என்றார்.
பதினோரு ஆண்டாகிறது,
அந்தக் காசு இன்னும் தீரவில்லை.

என்னிடம் படித்தவர்களில்
வாசித்தே பிழைக்கிறவர்கள் இரண்டு பேர்.
மற்றவர்கள் பல் பிடுங்குகிறார்கள், பனி வாருகிறார்கள்.
ஒருவன் சிறையில் இருக்கிறான்.
சாப்பாட்டு மேஜையில் இடக்கை விரல்கள்
தாமாக மூன்றாம் பாட்டுக்குப் போவதாக எழுதினான்.
எதற்கு உதவும் அது என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேனோ.

ஆயிரத்து இருநூற்று நாற்பது டாலருக்குக்
காசோலை இணைத்திருக்கிறேன்.
மரத்தூளும் பசையும் வைத்து மூடுங்கள்,
இழையுங்கள், மெருகு போடுங்கள்.
மேற்குச் சன்னலோரம், ரேடியேட்டரிலிருந்து
ஒரு முழம் தள்ளி இருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.
கெட்டுனென் குனிந்து பார்க்காமலே ஊன்றும் இடம்.
அதற்கும் சேர்த்தே பணம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லோர்னா ஹாபலா

பி.கு.: நூற்றுப் பதினெட்டு.
உங்கள் ஆள் பியானோவுக்கு அடியில் பார்க்கவில்லை.
பார்க்க முடியாதுதான்.
அதை அங்கே தள்ளி வைத்ததே நான்,
அந்தப் பிப்ரவரியில், விடிந்தபிறகு.