வெள்ளிக்கிழமைக் கத்தி

பள்ளத்தூரில் பங்கு பிரித்த வீட்டிலிருந்து
அண்டாவோடும் ரசம் போன கண்ணாடிகளோடும்
காரைக்குடிக்கு வந்து சேர்ந்த பெட்டி.
பதினேழு பங்காளிகள் கையெழுத்துப் போட்ட பிறகு
யாருக்கும் வேண்டாமென்று மிஞ்சியது.
"மழைக்கு முன்னால் முடித்துவிடு, தெய்வானை"
என்று மேசையில் வைத்தார் சாத்தப்பன்.
அவர் கையை எடுப்பதற்குள் ஓட்டில் சடசடத்தது.

உள்ளே ஏழு சவரக்கத்திகள்.
முதுகுக்கு ஒரு கிழமை, இங்கிலீஷில் பொறித்தது,
சண்டே முதல் சாட்டர்டே வரை.
பிடி, வாங்க வருகிறவர்களுக்குத் தந்தம்;
போலீஸ் கேட்டால் மாட்டெலும்பு.
(மாட்டெலும்புதான்.)
படுக்கை நீல வெல்வெட்டு.
பார்க்க அழகு, ஆனால் பகலில் குடித்த ஈரத்தை
இரவில் இரும்புக்கு ஊட்டுகிற துணி அது.
முதலில் அதைக் கிழித்து எறிந்தேன்.

ஐப்பசியில் மின்விசிறிக் காற்றே நனைந்திருக்கும்.
துடைத்தது போதுமென்று நினைக்கும்போது
அலகும் பிடியும் சேருகிற ஆணிக்குள்
ஒரு சொட்டு உட்கார்ந்திருக்கும், கடன்காரன் மாதிரி.
நூல்திரியை நுழைத்து இழுக்க வேண்டும்.
பிறகு அறுபது வாட் பல்புக்கடியில்
விரித்த சிறகாய் நிறுத்தி வைத்து
டீ குடித்து வரலாம்.
தேங்காயெண்ணெய் கூடாது, சிக்குப் பிடித்து நாறும்.
தையல் மெஷின் எண்ணெய், இரண்டு அலகுக்கு ஒரு துளி,
பூசியது கண்ணுக்குத் தெரியாத அளவு.
கையுறை கட்டாயம். என் கை உப்புக் கை.
ஊறுகாய் ஜாடிப் பக்கமே விடமாட்டாள் ஓரகத்தி;
அந்தப் பெயரிலும் ஒரு கத்தி.

சண்டே, தீட்டித் தீட்டிப் பாதியாய் இளைத்திருந்தது.
மண்டேயில் முனையோரம் குங்குமப்பொடி போல் துரு.
வெட்னஸ்டே, தர்ஸ்டே, சாட்டர்டே அப்படியே;
உழைத்த இரும்புக்கு வருகிற வியாதி.
டியூஸ்டேயைத் திறந்தால் என் மூக்குத்தி தெரிந்தது.
பட்டறைப் பளபளப்பு கலையவேயில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
செவ்வாயும் வெள்ளியும் முகத்தில் கத்தி படாது.
மோல்மேனுக்குக் கப்பலேறிய மனிதர்
அதை மட்டும் கரையில் இறக்கி வைக்கவில்லை.
ஏழுக்கும் விலை கொடுத்து ஐந்தால் சிரைத்திருக்கிறார்.
வட்டிக்கு வட்டி தெரிந்தவர்
இரண்டு கத்தியை இப்படிச் சும்மா கிடக்க விட்டாரே.

ஃபிரைடேயும் அப்படித்தான் இருக்குமென்று திறந்தேன்.

அலகின் நடுவில் ஒரு கட்டைவிரல்.
ரேகை ரேகையாய், சுழி பிசகாமல்,
பழுப்பில் வைத்த கைநாட்டு.
தண்ணீர் பட்டதல்ல; தண்ணீர் இவ்வளவு ஒழுங்காய்த் தின்னாது.
வியர்த்த விரலொன்று அழுத்தித் தொட்டு,
துடைக்காமல் மூடியிருக்கிறது.
விளிம்பு புதிதாகவே இருந்தது.
ஒரு மயிரைக்கூட அது கண்டதில்லை.
கதவைச் சாத்திக்கொண்டு தொட்டதா,
யாரோ கூப்பிடும் குரல் கேட்டு வைத்துவிட்டதா,
பத்திரத்தில் இல்லாத அந்தப் பதினெட்டாவது ஆள்?

கையுறையைக் கழற்றினேன்.
படாமல், ஓர் அரிசி உயரத்தில்
என் கட்டைவிரலை அதன்மேல் பிடித்தேன்.
என்னுடையதைவிடச் சின்னது.

கோயம்புத்தூர்க்காரர் போனில் சொல்லியிருந்தார்,
ஏழும் முகம் பார்க்கிற மாதிரி வேண்டுமாம்.
இரண்டாயிரம் நம்பர் உப்புத்தாள் பக்கத்திலேயே இருந்தது.
நாலு இழுப்பு. அவ்வளவுதான் அது.

ஆறைத் தேய்த்தேன்.
ஏழாவதுக்கு எண்ணெய் மட்டும்,
மற்றதைவிட ஒரு துளி கூடுதலாய்.
செருப்புப் பெட்டிகளில் சேர்த்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களில்
மூன்றை உள்ளே போட்டேன்.

சாத்தப்பன் ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தார்.
"இதை ஏன் விட்டாய்?"
"வெள்ளிக்கிழமைக் கத்திங்க."
அவர் நெற்றித் திருநீற்றைத் தொட்டுக்கொண்டு
பில்லில் முந்நூறு ரூபாய் அடித்தார்.
வேறெதுவும் கேட்கவில்லை.

அன்றைக்குப் புதன்.
மழை விடவில்லை.