நாற்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினொன்று

மானிப்பாயில் ஒரு மாமரத்தின் கீழே நின்றது.
கூரையில் காகங்கள் எழுதியதை
ஈரச்சீலையால் துடைத்தபடி
"ஒரே ஓனர்" என்றார் சிவபாதலிங்கம்.
புத்தகத்தில் நாலு பெயர் இருந்தது.
மாருதி. எண்ணூறு சீசி. வெள்ளை என்பது
அதே புத்தகம் சொன்ன நிறம்.

மீற்றரில் 48,211.
"கனக்க ஓடேல்லை, தங்கச்சி."
போன தைப்பொங்கலுக்கு வந்து பார்த்த
என் கொழுந்தனும் இந்த எண்ணைத்தான் சொன்னான்.
இடையில் மனுசன் கிழமைக்கு மூன்று தரம்
சுன்னாகம் சந்தைக்குப் போய் வந்திருக்கிறார்,
மரவள்ளி மூட்டையோடு.

பதினாலே முக்கால் கேட்டார்.
நான் பன்னிரண்டில் தொடங்கினேன்.
பால்தேத்தண்ணி ஆறி ஏடு படிந்தபோது
பதின்மூன்றரை.
இரண்டு காப்பும் வங்கிக்குள் போயின.
மணிக்கட்டில் அவை இருந்த இடம்
வெயில் படாத நிறத்தில் கொஞ்சநாள் கிடந்தது.

பதினொரு வருசம்
தடுப்பூசிப் பெட்டியை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு
மாரி வெள்ளத்தில் கால் இரண்டையும் தூக்கி
வேலணைக்குப் போய் வந்தவள் நான்.
"விசரே உனக்கு, புது ஸ்கூட்டி எடுக்கலாமே"
என்ற என்னவருக்கு
இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

நாவாந்துறையில் பெனடிக்ற் அண்ணை
பொனற்றைத் திறந்தார்.
நீட்டு ஸ்குரூட்றைவரின் நுனியை இஞ்சினில் ஊன்றி
பிடியில் காதை வைத்தார்.
கண்ணை மூடினார்.
நானும் இப்படித்தான், வயிறுகளில் குழலை வைத்து.
ஆனபடியால் நான் வாய் திறக்கவில்லை,
பக்கத்தில் நின்ற பொடியன் பாட்டை நிறுத்தும்வரை முறைத்தேன்.
"மூண்டில ஒண்டு கதைக்கேல்லை" என்றார்.

ஐந்து சந்தியில் நிசார்தீன் கடை.
"இந்தியன் இருக்கு, சைனா இருக்கு,
ஒறிஜினல் எண்டு நாங்க சொல்லுறதும் இருக்கு."
பிளக் மூன்று, கிளச் பிளேற், ஒரு றப்பர் வளையம்.
வளையத்துக்குக் காசு வேண்டாம் என்றார்;
பிளேற்றில் எடுத்துவிட்டார் என்று பிறகு விளங்கியது.

கால்மிதியைத் தூக்கினால் ஓட்டை.
உப்புக்காற்று தின்ற இடம்.
அதற்குள்ளால்
கராச்சுச் சேவல் ஒன்று
தலையைச் சரித்து என்னைப் பார்த்தது.
ஏதோ கடையின் பெயர்ப்பலகையில் வெட்டிய தகரத்தை
வைத்து ஒட்டினார்கள்.
என் வலது குதிக்காலின் கீழே இப்போது
"கம்" என்று இரண்டு எழுத்து.
வெதுப்பகமோ புடவையகமோ, தெரியாது.

ஏசி இல்லாத காருக்கு
பெரிய திரை பூட்டினான் மகன் ஆரூரன்.
அது முதலில் சீனத்தில் வணக்கம் சொன்னது;
தமிழுக்குக் கொண்டுவர மூன்று நாள்.
பின்னுக்கு எடுத்தால்
கிணற்றுக்கட்டும் கோழியும் வாழைக்குட்டியும்
பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளுக்குள்
வந்து நிற்கின்றன.
கோழிதான் எப்போதும் சிவப்பில்.

கடைசியாக பெனடிக்ற் அண்ணை
மீற்றர் கேபிளை மாத்தினார்.
"எப்ப அறுந்துதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்."

பண்ணைப் பாலம் தாண்டியபோது காலை ஆறரை.
இரண்டு பக்கமும் கடல், வற்று.
மடிப்பெட்டி அளவு இடத்தில்
குளிர்பெட்டி, நிறைகாட்டும் தராசு, என் சாப்பாடு.
மூன்றும் கதைத்துக்கொண்டிருந்தன.
எனக்கோ ஒரே ஆசை:
அந்தக் கடைசி ஒன்று
இரண்டாவதைக் கண்ணால் காணவேண்டும்.
ஒன்றின் தலை மெல்லச் சரிய,
கீழிருந்து இரண்டின் வளைவு எட்டிப்பார்க்க,
மினிபஸ் ஒன்று
உயிர்போக ஹோண் அடித்து முந்தியது.
பிரசவ அறையில்கூட நான் சொல்லாத சொல்லொன்று
வாயில் வந்தது.
சுக்கானைப் பிடித்து, ஒதுக்கி,
மூச்சு வந்து, குனிந்து பார்த்தால்
48,213.

மண்டைதீவுச் சந்தியில் மழை பிடித்தது.
வைப்பர் ஒன்றுதான் வேலை செய்கிறது.
என் பக்கத்தது.