அறுபத்தெட்டு நொடி

காஸ்த்ரோவிலிருந்து ஆசிரியர் பாரியெந்தோஸ்
கேட்டனுப்பியது ஒரே ஒரு படம்:
எருதுகள் முக்கி இழுக்கும் கணம்.
ஐந்நூறில் ஒரு பங்கு நொடியில்
கழுத்துச் சதையும் தெறிக்கும் சேறும்
அப்படியே நிற்க வேண்டும்.
எடுத்தேன். எட்டுப் படம்.
ஒன்று முதல் பக்கத்துக்கு, மிச்சம் அலமாரிக்கு.

சீலோயே தீவில் வீடு மாற்றுவதென்றால்
வீட்டையே மாற்றுவது.
அடிக்கட்டைகளை உருவி
இரண்டு முழு மரத்தைக் கீழே செருகி
ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி
பதினான்கு ஜோடி எருது பூட்டி
ஊரே சேர்ந்து இழுக்கும்.
கூலி கிடையாது.
உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கள்ளும் உண்டு.

ஒனோஃப்ரே கினேயோவின் வீடு
நாற்பத்தோராண்டு நின்றது
அக்காள் எதுவினாவின் நிலத்தில்.
வேலியைப் பற்றியோ
தாயின் தையல் மெஷினைப் பற்றியோ
ஏதோ ஒரு சொல் விழுந்திருக்கிறது.
முதலில் யார் வாயிலிருந்து என்று கேட்டால்
ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.
இப்போது வீடு கடற்கரைக்குப் போகிறது.

மேகம் இறங்கி வெளிச்சம் தட்டையானதும்
எனக்கென்று ஒன்று எடுக்கத் தோன்றியது.
முக்காலியைச் சேற்றில் ஊன்றினேன்.
லென்ஸுக்கு முன்னால் கறுப்பு ஃபில்டர்,
வெல்டிங்காரன் முகத்தில் மாட்டும் இருட்டு.
அப்பெர்ச்சரைப் பதினாறுக்குச் சுருக்கினேன்.
மீட்டர் கேட்டது பதினைந்தில் ஒரு பங்கு நொடி.
அதைப் பத்து முறை இரட்டித்தேன்,
விரல்விட்டு.

ஷட்டர் திறந்தது.
திறந்துவிட்டால் எடுப்பவளுக்குப் பார்க்க ஒன்றுமில்லை,
உள்ளே கண்ணாடி மேலேறிக்கொள்ளும்,
வ்யூஃபைண்டர் அடைத்துவிடும்.
ஆகவே எல்லோரையும் போல நானும் வீட்டைப் பார்த்தேன்.
முப்பது தொண்டை ஒன்றாகக் கத்தின.
வீடு முனகிற்று,
ஒரு பக்கம் சாய்ந்து
நிறைமாதப் பசு எழுவதுபோல் எழுந்து நகர்ந்தது.
இருபதாம் நொடியில் வேர் ஒன்றில் சிக்கி
நின்றது.
யாரோ சிரித்தார்கள்.
யாரோ ஒரு எருதைப் பெயர் சொல்லித் திட்டினார்கள்.
கடப்பாறை வந்தது.
மறுபடி நகர்ந்தது.
அறுபத்தாறு, அறுபத்தேழு,
மூடினேன்.

படத்தில் எருதே இல்லை.
இருபத்தெட்டு எருது, முப்பது ஆள், அத்தனை வடம்,
எல்லாம் சேர்ந்து
சேற்றுக்கு மேல் பழுப்பாய் ஓர் ஆவி.
வீடு மட்டும் கொஞ்சம் இருக்கிறது:
வேரில் சிக்கி நின்ற இடத்தில்
சுவரின் மரச்செதில்களை எண்ணிவிடலாம்.
மற்ற இடமெல்லாம்
நீராகாரத்தின் ஊடே பாத்திரத்தின் அடி தெரிவதுபோல்
பின்னாலிருக்கும் காடு தெரிகிறது.

காட்டுக்கு முன்னால், கிழங்குப் பாத்தி ஓரம்,
வேலிக்காலில் சாய்ந்தபடி
எதுவினா.
வரவே மாட்டேன் என்றவள்.
நின்றது எனக்குத் தெரியாது,
யாருக்கும் தெரியாது.
சால்வையின் கட்டம், பூட்ஸில் ஒட்டிய மண், இறுகிய வாய்
எல்லாம் ஊசிமுனைத் துல்லியம்.
அந்தச் சரிவில் அசையாதிருந்த ஒரே ஆள்
என்று எழுதிவைத்தேன் நோட்டில்.

பெரிதாக்கிப் பார்த்த இரவு
அந்த வரியை அடித்தேன்.

வலது கை இல்லை.
முழங்கைவரை சட்டை இருக்கிறது.
அதற்கப்பால் வேலிக்கம்பி, புல்,
சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல்.
அறுபத்தெட்டு நொடியும் அந்தக் கை
எதையோ செய்துகொண்டே இருந்திருக்கிறது.
ஆட்டியதோ. ஓங்கியதோ.
கண்ணைத் துடைக்கவில்லை,
துடைத்திருந்தால் முகமும் கலங்கியிருக்கும்.

மறுவாரம் பிரதி எடுத்துப் போனேன்.
அடுப்பருகே வைத்து நெடுநேரம் பார்த்தாள்.
"ஈ விரட்டினேன்" என்றாள்.
மார்ச் மாதம். மூன்று நாளாய் மழை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அவனிடம் காட்டினாயா?"
இல்லை என்றேன்.
கட்டை ஒன்றை அடுப்பில் தள்ளினாள்.

"காட்டு, வேண்டுமானால்.
கைதான் தெரியாதே."