இரண்டு மதிப்பெண் வினா

பாடநூலின் நாற்பத்தேழாம் பக்கத்தில்
எங்கள் மலை இருக்கிறது,
தலை நிறைய வெள்ளையோடு.
சன்னல் வழியே பார்த்தால் அதே மலை
மொட்டையடித்துக்கொண்டு நிற்கிறது.
எதை நடத்த?

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.
"தகவமைப்பு: மாறும் சூழலுக்கேற்பத்
தன்னை மாற்றிக்கொள்ளுதல்.
தேர்வில் வரும். இரண்டு மதிப்பெண்."
ஒன்பதாம் வகுப்பு, பதினான்கு பேர்,
குனிந்து எழுதியது.
தெமிர்லான் மட்டும் கைதூக்கினான்:
"எஜெகே, இன்றிரவு குழாய்முறை எனக்கு.
நாளை முதல் பாடவேளைக்கு வரமாட்டேன்."

நான் ஓஷ் நகரத்துக்காரி.
கிர்கிஸ் மலைக்கு வந்து பதினோரு நாள்.
குழாய்முறை என்றால் என்னவென்று
கேட்க வெட்கமாயிருந்தது.
இரவு அவன் பின்னாலேயே போனேன்.

மேலே ஊற்று. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர்
மண்ணுக்கடியில் இறங்கிவருகிறது குழாய்.
ஊர் மேட்டில் சட்டென்று நிமிர்ந்து
வானத்தைப் பார்த்துத் துப்புகிறது.
மோட்டார் கிடையாது.
இறங்கிவந்த வேகமே ஏற்றிவிடுகிறது.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொரு பாகை;
விழுவதற்குள் உறைகிறது தண்ணீர்.
துளிமேல் துளி, இரவுமேல் இரவு,
பிப்ரவரிக்குள் ஒரு குன்று,
மசூதிக் கூரையைவிட ஓராள் உயரம்.

தெமிர்லானின் வேலை,
குழாய் வாயில் பனிப்பல் முளைத்தால்
கம்பால் தட்டிவிடுவது.
கண்ணயர்ந்தால் குழாய் வெடிக்கும்.
விழித்திருக்க அவன் பந்தயக் குதிரைகளின்
பெயர்களை ஒப்பித்துக்கொண்டிருந்தான்.
நான் அழுத்தம், அடர்த்தி என்று தொடங்கினேன்
பற்கள் தந்தியடிக்க.
"பேசாதீர்கள் எஜெகே. வாய்க்குள் காற்று போகும்."

அதன்பின் வகுப்பு மேட்டில்தான்.
முடிச்சிட்ட கயிற்றால் குன்றைச் சுற்றி அளந்தார்கள்.
கணக்கே வராத புருல்சா
கூம்பின் கன அளவை இப்படிச் சொன்னாள்:
"அறுநூறு மாடு, முப்பத்தெட்டு நாள் குடிக்கலாம்."
நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.

மார்ச்சில் வரைபடம்.
வாய்க்கால் நீலம், வீடுகள் சிவப்பு,
ஒவ்வொரு வீட்டின் மேலும்
தண்ணீர் முறை வரும் நேரம்.
பெகிமாயின் வீடு தாளுக்குள் அடங்கவில்லை.
இன்னொரு தாளை ஒட்டி
அதன் கடைக்கோடியில் வரைந்தாள்;
மேலே எழுதினாள்:
இரவு மூன்று மணி, மிஞ்சினால்.

"குழாய்க்குக் குழி வெட்டியதில்
எங்கள் தெருவும் இருந்தது.
உருகும்போது மட்டும் ஏன்
மேலேயிருந்து எண்ணுகிறோம்?"

என்னிடம் பதில் இல்லை.
வாய்க்காலின் முதல் வீடு தெமிர்லானுடையது.
அவன் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தான்
பென்சில் தீரும்வரை.

ஊர்க்கூட்டத்தில் தாள்களை விரித்தோம்.
தேநீர் குடித்தார்கள்.
நிறங்கள் நன்றாக இருக்கின்றன என்றார்கள்.
"அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார் நீர்முறைக்காரர்,
கோப்பையை அதன்மேலேயே வைத்து.
பெகிமாயின் வீட்டைச் சுற்றி
வட்டமாய் ஒரு கறை.

தேர்வு வந்தது.
தகவமைப்பு: வரையறு.
பதின்மூன்று பேர் என் வரியை
அட்சரம் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.
பெகிமாய் எழுதியது:
"எல்லாரும் சேர்ந்து ஒரு மலை செய்வது.
பிறகு யார் வயல் முதலில் என்பதைச்
சண்டை போட்டாவது பேசி முடிப்பது.
இரண்டாவது பாதி எங்கள் ஊரில்
இன்னும் நடத்தப்படவில்லை."

இரண்டு போட்டேன்.
மாவட்டத்திலிருந்து வந்தவர்
அதை ஒன்றாக்கினார்.

மே மாதம். சேறு படிந்து,
படுத்துக்கிடக்கும் கவரிமாபோல் மிச்சப் பனி.
ஓர் இரவு பதினொன்றுக்கு
வாய்க்காலோரம் டார்ச் வெளிச்சம்.
அப்பா தூங்கியபின்
தன் வீட்டு மடையைத் தானே
சாக்குப்பை திணித்து அடைத்துக்கொண்டிருந்தான் தெமிர்லான்.
தண்ணீர் சற்றுத் தயங்கி
அவனைத் தாண்டிப் போனது.

மறுநாள் முதல் பாடவேளைக்கு
அவன் வரவில்லை. பெகிமாயும் வரவில்லை.
கடைத்தெருப் பக்கம் ஆப்ரிகாட் கன்றுகளின் காலடியில்
மண் கறுத்திருந்ததாகப் புருல்சா சொன்னாள்,
யாரையும் பார்க்காமல்.

பதிவேட்டைத் திறந்தேன்.
இருவருக்கும் வருகை போட்டேன்.